ஏறாத கோடு

…அரை வாளி போதும் அக்கா என்று எத்தனை தடவைதான் சொல்வது, இன்றைக்குக் காலையிலும் விளிம்பு தட்ட ஒரு வாளி, தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து குளியலறை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள், நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு பாதியை உபயோகித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன், அதனால் என்ன ஆகிவிடப் போகிறது, பாதி வாளிக்குப் பாதி மானமா… ஒரு பெண்பிள்ளை இரண்டு நாளாக ஒரு பொட்டல் காட்டில் மிஷினுக்குக் காவல் இருக்க வேண்டுமென்றால் கக்கூசுக்கு எங்கே போவாள் என்று சென்னையில் உட்கார்ந்து திட்டம் போட்ட எங்கள் கம்பெனிக்காரர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை, பாண்டிமீனா அக்காவுக்குத்தான் தோன்றியது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் முதல் வீடு அவளுடையது. துளை போடப் போர் வண்டி வந்து நின்ற அன்றைக்கே வேலியோரம் வந்து, இந்தப் பொம்பளப் புள்ளய இப்படி வெட்டவெளியில விட்டுட்டுப் போயிருக்காங்களே என்று யாரையோ ஏசிவிட்டு, நம்ம வீட்டுக்கு வந்துரு பாப்பா என்றாள். அந்தத் தெருவுக்குக் குழாய் இருக்கிறது, திறந்தால் காற்று வரும். தண்ணீர் டேங்கரில் வருகிறது, வீட்டுக்கு வீடு நீல டிரம்முகளில் பிடித்து வைத்துக் கிண்ணத்தால் அளந்து அளந்து செலவழிக்கிற தெரு அது. அந்த டிரம்மிலிருந்துதான் எனக்குத் தினமும் விளிம்பு தட்ட ஒரு வாளி.

இன்றைக்குச் சாயங்காலம் டெஸ்ட் முடிகிறது, அதற்குள் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் வண்டியேறினால் நான் மனுஷியே இல்லை, இதைத்தான் நேற்றும் நினைத்தேன்… இங்கே என்ன நடக்கிறது என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், அப்படி ஒன்றும் பெரிய வித்தையில்லை. பூமிக்குள் முந்நூறு அடிக்கு ஒரு துளை, அதற்குள் ஒரு கறுப்புக் குழாய் அடிவரை போய் வளைந்து திரும்பி மேலே வருகிறது, குழாயைச் சுற்றி இருந்த இடைவெளியையெல்லாம் களிமண்ணும் சிமெண்டும் மணலும் குழைத்து அடிமுதல் வாய்வரை அடைத்தாயிற்று. இனி அதிலிருந்து ஒரு சொட்டு எடுக்க முடியாது. குழாய்க்குள் ஏற்கெனவே ஊற்றிய தண்ணீரே சுற்றிச் சுற்றி வருகிறது, இந்தப் பெட்டி அதைச் சூடாக்கி அனுப்புகிறது, அது கீழே போய்ப் பாறைக்குக் கொஞ்சம் சூட்டைக் கொடுத்துவிட்டு மேலே வருகிறது, எவ்வளவு சூட்டோடு திரும்பி வருகிறது என்று லேப்டாப்பில் கோடு விழுகிறது. இங்கே வரப்போகிற ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வெக்கையை இந்தப் பூமி வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டுப் பார்க்கிறோம், அவ்வளவுதான். வாங்கிக்கொள்ளும் என்றால் இதே மாதிரி நிறையத் துளை போட்டு வெக்கையை அதற்குள் இறக்கிவிடலாம், மாடிக்கு மாடி ஏசிப் பெட்டி தொங்க வேண்டாம், கரண்டும் மிச்சம். நல்ல வேலைதான். கெட்ட வேலை என்று நான் எப்போது சொன்னேன்? நல்ல வேலை என்பதால்தானே அம்மாவிடம் அம்புட்டுப் பீற்றிக்கொண்டேன், எங்கள் ஊர் கீழக்குயில்குடியில் எவளும் இந்த வேலை பார்த்ததில்லை என்று. ஜெனரேட்டருக்குக் காவலாக வந்திருக்கிற தங்கப்பாண்டி அண்ணன் டீசல் கேனில் தலைவைத்துத் தூங்குகிறார், எப்படித்தான் இந்தச் சத்தத்தில் தூக்கம் வருகிறதோ, இந்த மனிதர் சீக்குக் கோழி மாதிரி நின்றுகொண்டேகூடத் தூங்குவார், அதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

அன்றைக்கு மட்டும் தண்ணீர் வராமல் இருந்திருந்தால்… எத்தனை ஊரில் எத்தனை பேர் தண்ணீர் வரவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள், நான் ஒருத்தி வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று உட்கார்ந்திருக்கிறேன். போர் வண்டி பாறையைக் குடைந்துகொண்டே போனது, வெள்ளை வெள்ளையாகப் புழுதி, யானைமலையே மறைந்துபோனது, வேலிக்கு அந்தப் பக்கம் தெருச் சனம் பூராவும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. நூற்றெண்பது அடி இருக்கும், புழுதி திடீரென்று ஈரமானது, சேறானது, அப்புறம் ஒரே பீய்ச்சாகப் பீய்ச்சியது, ஆள் உயரத்துக்கு மேலே, போர் வண்டிக்காரர்களே ஒதுங்கி நின்றார்கள். அந்தப் பக்கமிருந்து குலவை. வேலியைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்தார்கள், அக்கா மஞ்சளும் குங்குமமும் எலுமிச்சம்பழமும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், எப்போது எடுத்து வைத்தாளோ, இரும்புக் குழாயைச் சுற்றிப் பூச் சுற்றினார்கள், முதல் பொட்டு இஞ்சினியர் பாப்பாதான் வைக்கணும், கைராசிக்காரப் புள்ள என்று அக்கா தட்டை என் பக்கம் நீட்டினாள். வைத்தேன். இந்தக் கையால்தான் வைத்தேன். எங்கள் பக்கத்தில் போர் வண்டி எதற்கு வரும்? தண்ணீருக்கு வரும். வேறு எதற்காகவாவது பூமியில் துளை போடுவார்கள் என்று யாருக்குத் தெரியும், காலேஜ் படிக்கப் போகிற வரைக்கும் எனக்கே தெரியாதே. அக்கா, இது தண்ணிக்குப் போட்டது இல்லை… இவ்வளவுதான், ஒரு வாக்கியம். வண்டிச் சத்தத்தில் கேட்காது என்று சும்மா இருந்தேனா? வண்டியை அப்போது நிறுத்திவிட்டார்கள். நன்றாகக் கேட்டிருக்கும். எனக்கு அந்தக் குலவை பிடித்திருந்தது, அதுதான் விஷயம், சேற்றில் குளித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், என்னைச் சுற்றி அத்தனை பெண்கள், எனக்காக எவரும் அதுவரை குலவை போட்டதில்லை. சீ.

அதற்கப்புறமும் நாள் இருந்தது. அடைக்க வேண்டிய களிமண் வந்து சேரவே ஒரு வாரம் ஆயிற்று, அந்த ஒரு வாரமும் வாய் திறக்கவில்லை. குழைப்பதற்கும் குழாயை அலசுவதற்கும் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினோம், குழாய்க்குள் காற்று இருக்கக் கூடாது என்று தண்ணீரை விட்டு விட்டு அலசி அத்தனையையும் தரையில் ஓடவிட்டோம், ஒரு முழுத் தொட்டித் தண்ணீர் எருக்கஞ்செடிக்குப் போனது, தெருப் பெண்கள் வேலியோரம் நின்று அதைப் பார்த்தார்கள். ஏச வேண்டியதுதானே? ஏசவில்லை. போர் போட்டால் முதலில் கலங்கல் போகும்வரை ஓடவிடத்தானே செய்வார்கள், அதுதான் என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சிமெண்டு போனபோதும் அப்படித்தான், வாய்ப்பக்கம் இடியாமல் இருக்கப் பூசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போது பார்த்தால் இரண்டு கறுப்புக் குழாய் நிலத்திலிருந்து வெளியே வந்து ஒரு பெட்டிக்குள் போகிறது, பெட்டி ராப்பகலாக உறுமுகிறது, யார் பார்த்தாலும் மோட்டார் என்றுதான் சொல்வார்கள். குழாயை எப்ப பாப்பா இங்கிட்டு இழுத்துவிடுவீங்க என்று அக்கா கேட்டாள், டெஸ்ட் முடியட்டும்க்கா என்றேன். பொய்யா? பொய் இல்லை. டெஸ்ட் முடிய வேண்டியது உண்மைதானே. இந்த மாதிரி ஒரு பதிலைச் சொல்வதற்கு ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது பார். தாலுகா ஆபீசில் அம்மாவை வரிசையில் நிற்கவைத்து இதே குரலில்தான் சொல்வார்கள், வரும்மா, வரும், மேல அனுப்பியிருக்கு… கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவள்தான் நானும்.

மத்தியானம் அக்கா சோறு கொண்டுவந்தாள். இரண்டு நாளாக வேளை தவறாமல் வருகிறது, வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் போட்டது, எடுத்து முதல் வாய் வைக்கிறேன், வேலியைப் பார்க்கிறேன். வேலி முழுக்கத் துணி. போர்வை, ஜமக்காளம், திரைச்சீலை, தலையணை உறை, எல்லாம் சொட்டச் சொட்டத் தொங்குகிறது, அந்தக் கடைசி வீடு வரைக்கும், தெருவே துவைத்துப் போட்ட மாதிரி. என்னக்கா இம்புட்டு என்றேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் பார்க்கச் சொந்தக்காரர்கள் வருவார்களாம், போன வருஷம் அழுக்குப் போர்வையைக் கொடுக்கக் கூசி மாடியில் வெறும் பாயில் படுக்கவைத்தார்களாம், இந்த வருஷம் அப்படி இல்லையே, அதான் ஆளாளுக்கு எடுத்து அலசிவிட்டோம் என்றாள். டிரம்மு காலியாகிவிடாதா என்றேன். ஆனா என்ன, அடுத்த லோடு வேண்டாம்னு டேங்கர்க்கார சோணை அண்ணன்கிட்டச் சொல்லியாச்சே, வேற தெருவுக்குக் கொடுங்க, எங்களுக்குத்தான் போர் வந்துருச்சேன்னு… இதைச் சொல்லும்போது அவளுக்கு என்ன பெருமை. டேங்கரைப் போ என்று சொல்வதில் ஒரு பெருமை இருக்கும்போல. இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். குடித்தேன், வேறு என்ன செய்ய, குடித்தேன்.

இதுவரைக்கும் ஆசை காட்டியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆசைதானே, ஏமாந்தால் நாலு நாள் ஏசிவிட்டு மறந்துவிடுவார்கள் என்று ஒரு மூலையில் சமாதானம் வைத்திருந்தேன். இப்போது டிரம் காலி. நாளைக்குக் குழந்தைக்குக் கால் கழுவத் தண்ணீர் இல்லை. கம்பெனியில் எனக்கு மேலே இருக்கிற முகேஷ் சாருக்குப் போன் போட்டேன். சார் இதே பக்கத்துக்காரர்தான், திருப்பரங்குன்றம், பேச்சில் அது எப்போதாவது எட்டிப் பார்க்கும், இப்போது எட்டிப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார், கோடு பார்த்தீங்களா தமிழ்வாணி, ஏறவே இல்லையே, நேற்று மத்தியானத்திலிருந்து படுத்துவிட்டது, இந்தப் பாறையில் இப்படி ஒரு ரிசல்ட் நான் பார்த்ததில்லை என்று ஒரே குஷி. எனக்குத் தெரியாதா. சூடு கொடுக்கக் கொடுக்கக் கோடு ஏறிக்கொண்டே போக வேண்டும், ஏறவில்லை என்றால் கீழே யாரோ சூட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள், யார், அந்த நூற்றெண்பது அடித் தண்ணீர்தான், அடைத்தது துளையைத்தானே, தண்ணீர் பாறை வெடிப்பில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நான் அனுப்புகிற வெக்கையைச் சுமந்துகொண்டு எங்கேயோ போகிறது. எங்கே? வேலிக்கு அந்தப் பக்கமாகத்தான், சரிவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இவர்களுக்கு வேண்டிய தண்ணீர்தான் எனக்கு நல்ல பேர் வாங்கித் தருகிறது. சார், இங்கே தெருக்காரர்கள் தண்ணீர் வரும் என்று நினைத்து டேங்கரை நிறுத்திவிட்டார்கள் என்றேன்.  நீங்க ஏதாவது வாக்கு கொடுத்தீங்களா என்றார். இல்லை சார். அப்ப நமக்கென்ன, டெஸ்ட் முடிஞ்சதும் பேசாம கெளம்பி வந்துருங்க, ஏதாவது சொல்லப்போய்க் கூட்டம் கூடிவிட்டால் ஆஸ்பத்திரி ஓனர் வேலையையே வேற ஆளுக்குக் கொடுத்துருவார் என்றார். அவர்களுக்கு அந்தப் பக்கம் ஒரு போர் போட்டுக் கொடுத்தால் என்ன சார் என்று கேட்டேன், தண்ணீர் நிச்சயம் இருக்கிறதே என்று. சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, சின்னப் பிள்ளை எதையாவது கேட்டால் சிரிப்பது மாதிரி. அவங்க உறிஞ்ச ஆரம்பிச்சா உங்க கோடு இப்படிப் படுக்குமா, யோசிச்சுப் பாருங்க, தண்ணி அவங்க பக்கம் ஓடுற விஷயத்தை மட்டும் வாயைத் தொறந்து யார்கிட்டயும் சொல்லிராதீங்க என்று வைத்துவிட்டார். வாக்கு கொடுத்தீங்களா… பொட்டு வைத்தது வாக்கு இல்லையா, முதல் பொட்டு?

வெயில் சாய்ந்தது. டெஸ்ட் முடிந்து எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு, நிறுத்துங்கண்ணே என்றேன், தங்கப்பாண்டி அண்ணன் ஜெனரேட்டரை நிறுத்தினார். இரண்டு நாள் சத்தம் ஒரே நொடியில் போய்விட்டது, காது அடைத்த மாதிரி இருந்தது, பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது, மேலூர் ரோட்டில் பஸ், ஒரு வீட்டில் டிவி, ஒரு பிள்ளை அழுகிறது. அண்ணன் குழாயைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அக்கா பார்ப்பாளே, பெட்டியை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தால் தெரிந்துவிடுமே, அதற்கு முன்னால் போக வேண்டும் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். போகும்போதே மனசுக்குள் ஒத்திகை, அக்கா, இது தண்ணிக்குப் போட்ட போர் இல்லை, கட்டடத்தைக் குளிரவைக்கிறதுக்கு, முதலிலேயே சொல்லியிருக்கணும், எம்மேலதான் தப்பு, என்னை என்ன வேணாலும் ஏசுங்க… ஏசுங்க என்பதில் வந்து மனசு நின்றுகொண்டது. ஏசினால் நன்றாக இருக்கும். நாலு பேர் கூடி என்னைக் கிழி கிழி என்று கிழித்தால் அழுதுவிட்டுப் போய்விடலாம். துணிகளுக்கு நடுவே குனிந்து போனேன், ஈரப் போர்வை ஒன்று முகத்தில் உரசியது, சோப்பு வாசனை. அக்கா வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பினேன், தங்கப்பாண்டி அண்ணன் கறுப்புக் குழாயின் வாயில் மூடியை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்தது அத்தனையும் போன இடம் தெரியவில்லை. அக்கா என்றேன்.  அவள் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், பெட்டியை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தாள், பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள், எம்புட்டு நேரம் பார்த்தாளோ.

"அப்ப சோணை அண்ணன வரச் சொல்லிரவா பாப்பா?"

"சொல்லிருங்கக்கா."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கே."

அவ்வளவுதான். நான் சொல்ல வேண்டியதை அவளே கேள்வியாகச் செய்து என் கையில் கொடுத்துவிட்டாள், நான் தலையாட்டினால் போதும் என்று. அவள் வேலியில் தொங்குகிற துணிகளை ஒரு முறை பார்த்தாள், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும்.  தூக்குவாளியை வாங்கி உள்ளே வைத்தாள். டிரம்முக்குப் பக்கம் போனாள், குனிந்து உள்ளே கையை விட்டாள், அடியில் கிண்ணம் உரசுகிற சத்தம் கேட்டது, ஒரு கிண்ணம், இன்னொரு கிண்ணம், உரசி உரசி எடுத்து எடுத்து வாளியில் ஊற்றினாள், விளிம்பு தட்டுகிற வரைக்கும் ஊற்றினாள், இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் காலுக்கு முன்னால் வைத்தாள். கெளம்புற நேரம், கை கால் கழுவிட்டுப் போ என்றாள். வேண்டாம்க்கா என்றேன். நிஜமாகவே வேண்டாம் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய் டிரம்முக்குள் திருப்பி ஊற்றினேன், எனக்கு அந்த நேரத்தில் அதுதான் நியாயமாகப் பட்டது, ஒரு வாளியாவது மிச்சப்படட்டும், இந்த ஒன்றையாவது நான் எடுக்காமல் போகிறேன் என்று, ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி காலி வாளியோடு திரும்பினேன்.

"ஏன் பாப்பா, எங்க வீட்டுத் தண்ணி இப்ப ஆகாமப் போச்சா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருக்கலாம். அக்கா தெருவும் எங்கள் தெருவும் ஒரே சனம், இந்தக் கேள்வியை நாங்கள் எங்களுக்குள் கேட்டுக்கொள்வதில்லை. வெளியே இருந்து வருகிற ஆட்களைப் பார்த்துத்தான் எங்கள் சனம் கேட்கும், அதுவும் வாய்க்குள்ளேயே கேட்கும், வாசலில் நின்று செம்பைத் தொடாமல் தாகமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து. ஒரு தடவை சர்வே எடுக்க வந்த அம்மா ஒருத்தி அப்படிச் சொன்னாள், எங்கம்மா அந்தச் செம்பை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்… அந்த இடத்திலா நான் நிற்கிறேன்? இந்தக் காலி வாளியை வைத்துக்கொண்டு? நானே போய் டிரம்மில் கையை விட்டேன், கிண்ணம் அடியில் உரசியது, அள்ளி அள்ளி வாளியில் ஊற்றினேன், தூக்கிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னாலேயே குத்த வைத்து உட்கார்ந்து ஒரு செம்பு எடுத்து முகத்தில் ஊற்றிக்கொண்டேன். வெக்கையில் கிடந்த தண்ணீர், வெதுவெதுப்பாக இருந்தது. அழுகிறேனா கழுவுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஊத்து. காதோரம் மண்ணு இருக்கு பாரு."

ஊற்றினேன். ஏசுவாள் ஏசுவாள் என்று குனிந்துகொண்டே இருந்தேன், அவள் ஏசவில்லை, ஏசமாட்டாள் போலிருக்கிறது, ஒரு ஏச்சைக் கொடுத்து என்னை அனுப்பிவைக்க அவளுக்கு இஷ்டமில்லையோ, இல்லை ஒரு ஏச்சுக்குக்கூட நான் பெறாதவள் என்று நினைத்தாளோ. உள்ளே போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சோணை அண்ணன் நம்பரைத் தேடினாள். அங்கே தங்கப்பாண்டி அண்ணன் ஹாரன் அடித்தார். எழுந்தேன், வாரேன்க்கா என்றேன், போன் காதில் இருந்தபடியே தலையை ஆட்டினாள். வேலிக்கு வந்த பிறகுதான், ஈரத் துணிகளுக்கு நடுவில், அது உறைத்தது… நூற்றெண்பது அடி, வேலிக்கு இந்தப் பக்கமும் அதே தண்ணீர்தான், இவர்கள் காலுக்குக் கீழேதான் ஓடுகிறது, எனக்குத் தெரிந்ததில் இவர்களுக்கு உதவுகிற ஒரே ஒரு வார்த்தை அதுதான், அதை இன்னும் சொல்லவில்லை. முகேஷ் சார் சொல்லாதே என்றார் என்பதற்காகவா? இல்லை. சாரை நான் நினைக்கவே இல்லை. மத்தியானத்திலிருந்து நான் கூனிக் குறுகிக்கொண்டிருந்ததிலேயே நேரம் போய்விட்டது, அதில் இவர்களுடைய தண்ணீருக்கு இடமே இல்லாமல் போயிருக்கிறது. பின்னால் அக்காவின் குரல் கேட்டது, சோணைண்ணே, ஒரு லோடு அனுப்பி வைங்கண்ணே, ஆமா, தப்பா சொல்லிட்டோம்ணே, எங்க மேலதான் தப்பு, என்று. முகத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. தங்கப்பாண்டி அண்ணன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தார், நான் துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.